ஹாஜியார் அழித்த சைபர்

மகன்,

உன் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்ததும் நீ பெண் வீட்டுக்குப் போய்விடுவாய். ஆண்பிள்ளை பெற்ற எந்த உம்மாவுக்கும் நம் ஊரில் இது தெரிந்ததுதான். வீடு பெண்ணுக்கு, பையோடு போகிறவன் மாப்பிள்ளை. அதில் எனக்குக் குறை இல்லை. உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். உன் பட்டமளிப்புக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று பஸ்ஸில் ஒரு பெண் நம்மை ராத்தாவும் தம்பியும் என்று நினைத்துக் கதைத்தாளே, நினைவிருக்கிறதா? அதனால்தானோ என்னவோ, ஒரு தாய் மகனுக்குப் புத்தி சொல்லும் குரல் எனக்கு வாய்த்ததே இல்லை. நேரில் சொன்னால் நீ இடையில் பகிடி விடுவாய், நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது போய்விடும். இந்த விசயத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று நாங்கள் பெண்கள் மட்டும் உன் மாமனார் வீட்டுக்குப் போய் வந்தோம். உன் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மருமகனுக்கு இனி என்ன கவல? பாமசியில வந்து குந்தினாக் காணும். மத்ததெல்லாம் ஹாஜியார் சொல்லிக் குடுப்பாரு." குடுத்து வைத்தவன் என்று ஒருத்தி உன்னைச் சொன்னாள். எனக்கு முன்னால் பலூடா வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகனைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவினாள். துக்கம் இல்லை, அருவருப்பு. "ஹாஜியார் சொல்லிக் குடுப்பாரு" என்ற அந்த வசனம் கிளப்பிய அருவருப்பு. மருந்துக்கடைக் கவுண்டரில் உன் மாமனார் என்ன சொல்லிக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

என் இடது கண் பழுது என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. வீட்டில் அதற்கு ஒரு பகிடிதான் இருக்கிறது: "உம்மா புத்தகம் வாசிச்சு வாசிச்சே கண்ணத் திண்டுட்டா." உன் வாப்பா தொடங்கி வைத்தார், நீ வளர்த்தாய். நான் மறுத்ததில்லை. என் உடம்பைப் பற்றி நாலு பேர் கூடிக் கதைப்பதைக் கேட்பதைவிட அந்தப் பகிடியைக் கேட்பது எனக்கு இலேசாக இருந்தது. ஆனால் வாசிப்பதால் யாருக்கும் கண் நரம்பு வீங்குவதில்லை, மகன்.

நாடே பெற்றோலுக்கும் காஸுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. நீ விடுதியில் இருந்தாய். ஒரு காலையில் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தின் நடுவில் தண்ணீர் பட்டு ஊறியதுபோல எழுத்துக்கள் மங்கின. தாளைத் துடைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்தேன். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல வலித்தது. உன் வாப்பா தறிக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு நூற்கட்டு எதிரே கிடந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், சிவப்பு. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், மழையில் கிடந்த பழைய செங்கல். அப்போதுதான் பயந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கண்ணூறு என்றாள், ஓதிப் பார்க்கச் சொன்னாள். ஓதியும் பார்த்தோம், மட்டக்களப்பில் காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணி டொக்டரையும் பார்த்தோம். கண் டொக்டர் நரம்பு டொக்டரிடம் அனுப்பினார். அவர் இளம் பெண், என்னைவிடச் சின்னவர். இரத்தம், சீனி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கண்ணிலயிருந்து மூளைக்குப் போற நரம்பில அழற்சி வந்திருக்கு. வழக்கமா ஊசியாத்தான் ஏத்துவம். இப்ப அந்த ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு. அதே மருந்து குளிசையாவும் இருக்கு. அதே அளவு உள்ள போனா அதே வேலையைச் செய்யும். ஆனா குளிசை சின்னன். உங்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது விழுங்க வேணும்."

"அறுபதா?" என்று உன் வாப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"ஓம், அறுபது. கொஞ்ச நாளைக்குத்தான். பாமசியில பயப்பிடுவாங்க. பயப்பிடத்தான் வேணும். அதுக்காகத்தான் மருந்துத் துண்டில என்ட நம்பரையும் எழுதியிருக்கன். மருந்து தாறவர எனக்கு ஒருக்கா கோல் எடுக்கச் சொல்லுங்க."

அந்தத் துண்டோடு நாங்கள் போனது உன் மாமனாரின் பாமசிக்கு. அன்று அவர் உன் மாமனார் இல்லை, ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும் பெரிய மனிசன். உன் வாப்பாவுக்கு அவர்மேல் டொக்டர்மாரைவிட நம்பிக்கை. அவர் துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். துண்டைத் திருப்பி, கவுண்டரில் நின்ற மற்றவர்களுக்கும் காட்டினார்.

"இந்தா பாருங்க, இந்தப் புள்ள ஒரு நாளைக்கு அறுபது குளிசை முழுங்கப் போறாவாம். நான் என்ட பாமசியப் பூட்டிப்போட்டு மக்காவுக்கு உம்றா போகலாம், எல்லாத்தையும் இவவே முடிச்சிருவா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டேன். முன்பின் தெரியாத ஆட்கள் என் நோயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதை எனக்கு ஒரு கண்ணால்தான் பார்க்க முடிகிறது.

"ஹாஜியார், டொக்டர்ட நம்பர் அதுல இரிக்கி. ஒருக்கா எடுத்துக் கேளுங்க" என்றேன்.

"அதெல்லாம் என்னத்துக்கு தங்கச்சி? சின்னப் புள்ள டொக்டர், கை தவறி ஒரு சைபர் கூடிப்போச்சி. ஆறு எண்டு எழுத வந்தவ." சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அறுபதில் இருந்த சைபரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். கடதாசி உறையில் காலை இரண்டு, பகல் இரண்டு, இரவு இரண்டு என்று எழுதி, துண்டோடு சேர்த்து உன் வாப்பாவிடம் நீட்டினார்.

அந்த நேரத்தில் ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது, மெலிந்த பிள்ளை. "ஹாஜியார், அந்த உடம்பு வைக்கிற குளிசை கொஞ்சம் தாங்க." துண்டு இல்லை, கேள்வி இல்லை. லாச்சியை இழுத்து, ஒரு போத்தலிலிருந்து கையால் அள்ளி உறையில் போட்டார். "பாலோட குடி புள்ள. பந்தலுக்குள்ள வாறத்துக்கிடையில கன்னம் ரெண்டும் வந்திரும்." அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதே டொக்டரிடம் பிறகு இதைக் கேட்டேன். உடம்பு வைக்கிறதென்று கொடுப்பதில் பாதி என் மருந்தின் குடும்பம்தான் என்றார். உடம்பு வைப்பதில்லை, உப்புவதுதான். நான் துண்டோடும் டொக்டரின் நம்பரோடும் வந்து கேட்டபோது பகிடியாகிப்போன மருந்தின் தங்கச்சி, பேரும் இல்லாமல் துண்டும் இல்லாமல் கைப்பிடி கணக்கில் ஒரு குமர்ப்பிள்ளையின் கைக்குப் போனது. அந்தக் கைப்பிடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாய்க்குள் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

நான் ஆறைத்தான் குடித்தேன். உன் வாப்பா அறுபதைக் குடிக்க விடவில்லை. விட்டாலும் கையில் இருந்தது அவ்வளவு இல்லை. கண் இன்னும் இருட்டியது. கடைசியில் நானே டொக்டருக்கு எடுத்தேன். ஆறு என்றதும் உறையில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கச் சொன்னார். பிறகு, "கொஞ்சம் எடுத்தா கொஞ்சம் சுகம் எண்டு நினைக்காதீங்க. இந்த நோய்க்கு அந்தச் சின்ன அளவு மட்டும் குடுக்கிறது குடுக்காததவிட மோசம். திரும்ப வாறதுக்கும் வழி" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, என்மேல் இல்லை.

அதன்பிறகு உன் வாப்பா பஸ்ஸில் ஏறி இறங்கி அலைந்தார். ஓர் இடத்தில் இவ்வளவு தந்தால் எங்களைப் பிடிப்பார்கள் என்றார்கள். இன்னோர் இடத்தில் இருக்கிறது, ஆனால் வழக்கமான ஆட்களுக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். ஒருவன் உன் வாப்பாவிடம், நீங்கள் பாமசி நடத்துகிறீர்களா, தற்கொலைக்கு மருந்து கேட்கிறீர்களா என்று கேட்டானாம், அதையும் சிரித்துக்கொண்டே. குருக்கள்மடத்தில் ஒரு பாமசியில் இருந்த பெண்தான் முதலில் சிரிக்காமல் ஏசினாள். "என்ன அண்ணன், வீட்டில இருக்கிற மனிசியக் கொல்லப் போறீங்களா?" ஏசிக்கொண்டே துண்டில் இருந்த நம்பருக்கு எடுத்தாள். டொக்டரோடு கதைத்தாள், சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினாள், தன்னிடம் போதாததைக் கல்முனையில் யாரிடமோ கேட்டு எடுப்பித்தாள். பின்னேரம் உன் வாப்பா ஒரு சொப்பிங் பையோடு வந்தார். எருமைத் தயிரில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக விழுங்கினேன். அந்தக் கசப்பு இன்னும் அடிநாக்கில் இருக்கிறது. தயிரை நான் ஏன் தொடுவதில்லை என்று கேட்பாயே, இதுதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உன் மாமனார் என் கண்ணைக் கெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. டொக்டரும் சொல்லவில்லை. இந்த மருந்து கண் தேறுவதை விரைவாக்கும், எந்த அளவுக்குத் தேறும் என்பது நரம்பின் கையில் என்றார். பார்வை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, முழுதாக வரவில்லை. அந்த வீணாய்ப் போன நாட்கள் இல்லாவிட்டால் முழுதாக வந்திருக்குமா? அதை அறிய வழியில்லை. எனக்கு அருவருப்பு என் கண்ணுக்காக இல்லை. அவர் சந்தேகப்பட்டதற்காகவும் இல்லை. அறுபது குளிசையைப் பார்த்துச் சந்தேகப்படாதவன் பாமசியில் இருக்கவே கூடாது. ஆனால் சந்தேகம் வந்தவன் கேட்பான். குருக்கள்மடத்துப் பெண் பயந்தாள், அதனால் கேட்டாள். ஹாஜியார் பயப்படவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். பாமசிச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு மருந்தாளர் சேட்டிபிக்கட் தொங்குகிறதே, அதில் இருக்கும் பெயர் யாருடையது என்று என்றைக்காவது கேட்டாயா? அந்தப் பெயருக்குரியவரை அந்தக் கவுண்டரில் ஒருநாளும் நான் கண்டதில்லை.

அப்படியென்றால் இந்தச் சம்மந்தத்துக்கு ஏன் சம்மதித்தீர்கள் என்று நீ கேட்பாய். நீயும் ஹஸ்னாவும் வந்தாறுமூலை பஸ்ஸில் பழகி, ஒருவரை ஒருவர் விரும்பினீர்கள். தகப்பன் சிரித்ததற்கு மகளிடம் கணக்குத் தீர்க்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் நல்ல பிள்ளை. நான் என்ன வாசிக்கிறேன் என்று இந்த ஊரில் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்.

ஆனால் சில மாதங்களுக்கு முன் பெண் பார்க்கப் போய் வந்த அன்று நம் வீட்டில் நடந்ததை நினைத்துப் பார். உன் வாப்பாவின் ராத்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே தொடங்கினார்: "புள்ள தங்கமான புள்ளதான். ஆனா ஈர்க்கில்ல சாரி சுத்தின மாதிரியில்லவா இரிக்கி. நம்மட மகன் புயல் காத்துக்குள்ள இவளத் தேடிப் பிடிக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, ஆனால் சிரித்தாய். நம் ஊரில் ஒரு சொல் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர பின்னேரம் ஆகாது.

நேற்று ஹஸ்னாவைப் பார்த்தேன். அறைக்குள் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, "மாஷா அல்லாஹ், முகம் நிலா மாதிரி வந்திருக்கி" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அந்த நிலாவை எனக்குத் தெரியும், மகன். டொக்டர் என் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்த வாரங்களில் அது என் கண்ணாடிக்குள் இருந்தது. கன்னம் காதுவரை உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டு, கையும் காலும் மட்டும் பழையபடி மெலிவாக. எல்லோரும் வெளியே போனதும் அவளுடைய சட்டைக் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன். மேற்கையில் ஊதாக் கோடுகள். முழங்கைக்குக் கீழே, எங்கே இடித்ததென்று அவளுக்கே தெரியாத நீலம் பாரித்த கண்டல்.

"என்ன குளிசை குடிக்கிறாய் மகள்?"

"வாப்பா தாற விற்றமின் மாமி. அண்டைக்கிப் பொண் பாத்துட்டுப் போன பொறகு தந்தாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாமி, படி ஏறினா மூச்சு வாங்குது. நித்திரையும் வருதில்ல. உம்மா கல்யாணப் பயம் எண்டு சொல்றா. நீங்க யாருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

தலையணைக்குக் கீழிருந்து உறையை எடுத்துக் காட்டினாள். பெயரில்லாத குளிசை. உறையில் அதே கையெழுத்து: காலை, பகல், இரவு. தன் சொந்த மகளுக்கு, மகன். ஊரை ஏமாற்றுகிறவன் தன் பிள்ளைக்கு மட்டும் நல்லதைக் கொடுப்பான் என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஏமாற்றவில்லை. பாசத்தோடு கொடுக்கிறார். நம் வீட்டு வாசலில் நின்று நாம் சிரித்த சிரிப்புக்கு அவர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எவர்மேல் அருவருப்புப் படுவதென்றே தெரியவில்லை. அவர்மேல், உன் வாப்பாவின் ராத்தாமேல், அந்த நிலாவைக் கிள்ளிய விரல்கள்மேல். உன்மேலும்தான், கொஞ்சம்.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்: "இது விற்றமின் இல்ல மகள். ஆனா கோபத்துல திடீரெண்டு நிப்பாட்டிராத, டொக்டர் சொல்றமட்டும்." அதை உனக்கும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் நீ கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இதுதான். இதை வாசித்த கோபத்தில் ஓடிப்போய் அந்த உறையைப் பறித்து வாவிக்குள் எறிந்துவிடாதே. கனநாள் எடுத்தால் உடம்பு அதைத் தானாகச் சுரப்பதை மறந்துவிடும், திடீரென்று நிறுத்தினால் ஆளே விழுந்துவிடலாம். எப்படிக் குறைப்பது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். இன்று காலை நான் அவருக்கு எடுத்தேன். என்னை மறக்கவில்லை. உறையில் இருக்கும் குளிசையோடு ஹஸ்னாவைக் கல்யாணத்துக்கு முன்பே கூட்டி வரச் சொன்னார், தள்ளிப்போட வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமைக்கு அவள் பெயரில் நம்பர் எடுத்திருக்கிறேன்.

நாள் குறித்த பெண் வாசல் தாண்ட மாட்டாள், எனக்குத் தெரியும். மாப்பிள்ளையோடு போவது அதைவிடப் பெரிய கதை. நான் கூட்டிப் போகிறேன். ஆனால் தகப்பன் விட வேண்டும். நான் போய்க் கேட்டால், "அறுபது குளிசைக்காரி" என்று அவர் இன்னும் நினைவு வைத்திருப்பார். இல்லாவிட்டால் மறந்தே போயிருப்பார். இரண்டில் எது நடந்தாலும் அவர் என் சொல்லைக் கேட்கப்போவதில்லை. மருமகனாகப் போகிறவன் கேட்டால் மறுப்பது அவருக்குச் சுலபமில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு வரும். வரட்டும். நான் அந்த மனிசனிடம் எதிர்பார்ப்பது அந்தப் பயத்தைத்தான். நிக்காஹ் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் தலை போகாது. ஊர் கதைக்கும், கதைத்து ஓயும்.

அந்தக் கவுண்டருக்கு உள்ளே நீ போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போ. முறையாகப் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு வை. கேட்டுப் பழகு. ஆனால் உள்ளே போவதற்கு முன்னால் ஒரேயொரு முறை வெளியே நில், நான் நின்ற இடத்தில், வரிசையோடு. என் பழைய துண்டை இதோடு வைத்திருக்கிறேன். சைபரின் மேல் அவர் இழுத்த கோடு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே டொக்டரின் நம்பரும் இருக்கிறது, அன்று அவர் பார்க்காமலே விட்டது. இரண்டையும் அவருக்கு முன்னால் வை. ஹஸ்னாவைச் செவ்வாய்க்கிழமை உம்மாவோடு அனுப்புங்கள் என்று சொல்.

அவர் முதலில் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் காட்டிச் சிரிப்பார். இந்தமுறை நீ சிரிக்காதே.

உம்மா